சதுரடிக் கணக்கு தெரிஞ்ச ஒரு பெயிண்டர் மகளோட திறந்த மடல்

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்ல வீடு கட்டுறதுக்கு கணக்கெடுக்குற, பிளான் போடுற, கையெழுத்து போடுற எல்லா அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் ஒரு முகாம்ல பொறந்து வளந்த பொண்ணு, இப்ப 32 வயசு, பி.காம். முடிச்சிட்டு பக்கத்து டவுன்ல ஒரு கடையில கணக்கு எழுதுறேன். முகாம் பேரை சொல்ல விரும்பல, ஏன்னா இது ஒரு முகாமோட பிரச்சனை மட்டும் இல்ல, அதோட பேரை எழுதினா நாளைக்கு எங்க முகாம் தலைவரைத்தான் கூப்பிட்டு கேப்பாங்க, அவர் பாவம்.

எங்க அப்பா பெயிண்டர். முகாம்ல இருக்குற ஆம்பளைங்க நிறைய பேருக்கு பெயிண்டிங்தான் வேலைன்னு உங்களுக்கே தெரியும். அப்பாவுக்கு கணக்கு எழுத வராது, அதனால நாலாவது படிக்கும்போதே அவரோட கணக்கு நோட்டை நான்தான் எழுதுவேன். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து, கை காலை கழுவிட்டு, "எழுது பிள்ளை"ன்னு சொல்லுவாரு. ஹால் பதினாறுக்கு பதினாலு, பெட்ரூம் பன்னெண்டுக்கு பதினொண்ணு, இன்னொரு பெட்ரூம், கிச்சன், பூஜை ரூம் ஆறுக்கு அஞ்சு. சாமிக்கு மட்டும் ஆறுக்கு அஞ்சு ரூமான்னு நான் கேட்டேன், அப்பா பதில் சொல்லல. அந்த நோட்டை நான் எழுதிட்டு இருந்த இடம் பத்துக்கு பத்து, அதுக்குள்ள அப்ப ஆறு பேரு. நூறு சதுரடியை ஆறால வகுத்தா ஆளுக்கு கிட்டத்தட்ட பதினாறே முக்கால் வரும், இதை நான் பள்ளிக்கூடத்துல கத்துக்கல, அந்த நோட்டோட கடைசி பக்கத்துல நானே போட்டுப் பாத்தது.

அதனால சதுரடின்னா என்னன்னு எங்களுக்கு நல்லா தெரியும், அதை வச்சுத்தான் இந்த மடலை எழுதுறேன்.

முதல்ல நன்றி சொல்லணும், அது மனசார. 2021 ஆகஸ்ட் 27 அன்னைக்கு சட்டமன்றத்துல முதலமைச்சர் 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு திட்டம் அறிவிச்சதும், அதுல 231 கோடியே 54 லட்சத்துக்கு பழுதான 7,469 வீடுகளை புதுசா கட்டித் தரோம்னு சொன்னதும் எங்க முகாம்ல யாரும் அன்னைக்கு ராத்திரி ஒழுங்கா தூங்கல. அடுத்த நாளே அகதிகள் முகாம்ங்குற பேரை எடுத்துட்டு மறுவாழ்வு முகாம்னு கூப்பிடணும்னு சொன்னாங்க, அம்மா அதை டிவியில பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அந்த நவம்பர் 2ஆம் தேதி வேலூர் மேல்மொணவூர்ல அடிக்கல் நாட்டினாங்க, 2023 செப்டம்பர்ல அதே இடத்துல வச்சு 13 மாவட்டத்துல கட்டின 1,591 வீடுகளை திறந்து வச்சாங்க. வெறும் பேச்சு இல்ல, வீடு நிக்குது, கண்ணால பாத்தேன்.

எங்க சின்னம்மா மகள் இன்னொரு மாவட்டத்து முகாம்ல இருக்கா, அவளுக்கு புது வீடு கெடச்சுது. காங்கிரீட் தளம், டைல்ஸ், உள்ளயே கக்கூஸ், கதவுக்கு உள்தாழ்ப்பாள். நான் போன அன்னைக்கு அவளோட மகன், அஞ்சு வயசு, ஃபேனுக்கு கீழ கையையும் காலையும் விரிச்சுப் போட்டு தூங்கிட்டு இருந்தான். கையை விரிச்சு தூங்குற குழந்தையை நான் எங்க முகாம்ல பாத்ததே கிடையாது, எங்க பசங்க எல்லாம் ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கி, பக்கத்துல இருக்குறவங்க மேல படாம தூங்கப் பழகினவங்க. நான் அங்கயே நின்னு அழுதுட்டேன். அந்த வீட்ல அவங்க நாலு பேரு, 300 சதுரடி வீடு, நாலு பேருக்கு அது போதும்.

எங்க வீட்டுக் கதைக்கு வரேன். எங்க முகாம்லயும் லிஸ்ட் எடுத்தாங்க. எப்படி எடுத்தாங்கன்னா, பகல் பதினோரு மணிக்கு வந்தாங்க, ஒவ்வொரு வீட்டு கதவுலயும் நம்பர் போட்டாங்க, சுவத்தை பாத்தாங்க, கூரையை பாத்தாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க, பழுது, பழுது இல்லன்னு குறிச்சுக்கிட்டு போயிட்டாங்க. எங்க வீட்டுக்கு ஒரு நம்பர், பழுதுன்னுதான் குறிச்சாங்க, சந்தோஷம். ஆனா அந்த ஒரு கதவுக்குப் பின்னாடி மூணு குடும்பம் இருக்கு. அப்பா, அம்மா. நான், என் வீட்டுக்காரர், எங்க மகள். தம்பி, அவன் பொண்டாட்டி, அவங்க கைக்குழந்தை. எட்டு பேரு. பத்துக்கு பத்து பழைய ரூம், அதோட ஒட்டி அப்பா சொந்தக் காசுல தகரம் அடிச்சு இழுத்த பத்துக்கு ஏழு. மொத்தம் 170 சதுரடி, ஆளுக்கு இருபத்தியோரு அடி.

திட்டம் "பழுதான வீடுகளை" திரும்பக் கட்டுற திட்டம். எங்க தம்பிக்கு பழுதான வீடு இல்ல, ஏன்னா அவனுக்கு வீடே இல்ல. எனக்கும் இல்ல. இல்லாத வீடு எப்படி பழுதாகும், அதனால நாங்க ரெண்டு குடும்பமும் லிஸ்ட்ல வரவே இல்ல. தலைவர் கிட்ட சொன்னோம், அவர் மேல சொன்னாரு, மேல இருந்து "இப்ப இருக்குற கதவுக்கு ஒரு வீடு, அவ்வளவுதான் வந்த உத்தரவு"ன்னு பதில் வந்துச்சாம். எங்க ஒரு முகாம்லயே இந்த மாதிரி ரெண்டு, மூணு குடும்பம் சேந்து இருக்குற கதவு எத்தனைன்னு நானும் ரெண்டு பிள்ளைங்களும் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி போய் எண்ணிப் பாத்தோம், பாதிக்கு மேல அப்படித்தான் இருக்கு.

இங்கதான் நான் முக்கியமா ஒண்ணு சொல்லணும். எங்களை நீங்க எண்ணுறதே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். மாசா மாசம் எண்ணுறீங்க. உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, குழந்தைக்கு 500ன்னு தலைக்கு தலை கணக்குப் போட்டுத்தான் தரீங்க, ஒரு ஆள் செத்தா அடுத்த மாசமே பேரை எடுத்துடுறீங்க, குழந்தை பொறந்தா பேரு சேக்க பேப்பர் கேக்குறீங்க, யார் யாருக்கு கல்யாணம் ஆச்சு, யாரு எந்த முகாமுக்கு மாறிப் போனா எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்கு. எங்களைக் கண்காணிக்கிற கியூ பிராஞ்ச் போலீஸ் கிட்டயும் தனியா ஒரு கணக்கு இருக்கு. இந்த நாட்டுல இவ்வளவு கவனமா எண்ணப்பட்ட ஜனங்க வேற யாரும் இருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். பணம் குடுக்க தலையை எண்ணுறீங்க, வீடு குடுக்க மட்டும் கதவை எண்ணுறீங்க. அந்த உதவித்தொகை ரெஜிஸ்டரை எடுத்து வீட்டு லிஸ்ட் பக்கத்துல வச்சுப் பாத்தாலே எந்த கதவுக்குப் பின்னாடி எத்தனை பேர்னு ஒரே நாள்ல தெரிஞ்சிடும். புது சர்வே, கமிட்டி எதுவும் வேணாம், கையில இருக்குற நோட்டை ஒரு தடவை பிரிங்க.

2021ல அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்ல 18,944 குடும்பம், 58,822 பேரு. வகுத்தா குடும்பத்துக்கு மூணு பேருதான் வரும். இதைப் பாத்துட்டுத்தான் ஒரு அதிகாரி ஒருதடவை கூட்டத்துல "உங்க குடும்பமெல்லாம் சின்னக் குடும்பம்தானே, நெருக்கடின்னு ஏன் சொல்றீங்க"ன்னு கேட்டாரு. ஐயா, ரெஜிஸ்டர்ல குடும்பம் பிரிஞ்சிடும், கல்யாணம் ஆனா தனிக் குடும்பமா எழுதிடுவாங்க, ஆனா படுக்குற எடம் பிரியாதே. மூணு பேர் குடும்பம் மூணு சேந்து ஒரே ரூம்ல படுத்திருக்கு, அது உங்க சராசரியில தெரியாது.

ஊருக்குள்ள ஒரு வீட்ல ஆள் பெருகினா என்ன பண்ணுவாங்க? ஒருத்தர் தனிக்குடித்தனம் போவாங்க. வாடகைக்கு பாப்பாங்க, இல்ல அரை சென்ட் வாங்கி ஒரு ஷெட்டாவது போடுவாங்க, பேங்க்ல லோன் கேப்பாங்க. எங்களால நிலம் வாங்க முடியாது. லோன் கிடைக்காது. வாடகைக்கு போகணும்னா முதல்ல பர்மிஷன், அதுக்கு அப்புறம் வீட்டுக்காரர் கேக்குற ஆதாரம், "சிலோன்காரங்களா, போலீஸ் வந்து கேப்பாங்களாம்ல"ன்னு சொல்லிட்டு அட்வான்ஸை திருப்பிக் குடுத்துடுவாங்க, எங்களுக்கே ரெண்டு தடவை அப்படி ஆச்சு. அப்படியே வெளிய போனாலும் முகாம் பதிவும் உதவித்தொகையும் போயிடும்ங்குற பயம். அதனால உள்ள பொறக்குறவங்க உள்ளயே வளந்து, உள்ளயே கல்யாணம் பண்ணி, உள்ளயே பெத்து, எல்லாரும் அந்த நூறு சதுரடியிலயே சேந்துகிட்டே இருக்கோம். குடத்துக்கு வாய் இருக்கு, வெளிய போக ஓட்டை இல்லாத மாதிரி. 1990ல வந்தவங்களுக்கு கட்டின வீட்ல இப்ப அவங்களோட பேரப்பிள்ளைங்க இருக்காங்க, அளவு மட்டும் அதேதான்.

அம்மா வந்த கதையை கொஞ்சம் சொல்றேன், நீளமா இல்ல. 90 ஜூன்ல திரும்ப சண்டை தொடங்கினப்ப அம்மாவுக்கு 17 வயசு, மன்னார் பேசாலை பக்கத்துல இருந்து படகுல வந்தாங்க. மண்டபம் முகாம்ல பதிவு, அங்கிருந்து பஸ்ஸுல ஏத்தி எங்கயோ ஒரு மாவட்டம், எறக்கி விட்டது ஒரு பழைய குடோன்ல. அரிசி மூட்டை அடுக்குற குடோன். அதுக்குள்ள நாப்பது குடும்பம், நடுவுல கயிறு கட்டி சேலையைப் போட்டு ஆளுக்கு ஒரு கட்டம். அம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க, "பக்கத்துச் சேலைக்குள்ள ஆர் அழுதாலும் எங்கட வீட்டுக்குள்ள அழுத மாதிரித்தான் பிள்ளை கேக்கும்"னு. அப்புறம் பத்துக்கு பத்து வீடு தந்தப்ப, சேலைக்கு பதிலா சுவர் வந்துச்சேன்னு அம்மம்மா அந்த சுவத்தைத் தொட்டுக் கும்பிட்டாங்களாம்.

அப்பா இலங்கை மலையகத்து ஆளு. அவரோட தாத்தா இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு போனவரு, அவரையும் வெள்ளைக்காரன் இதே மண்டபத்துல வச்சுத்தான் உடம்பை சோதிச்சு கப்பல் ஏத்தி அனுப்பினான், அந்தக் காலத்துல மண்டபம் தோட்டத் தொழிலாளிங்களை அடைச்சு வச்சு அனுப்புற முகாமா இருந்துச்சு. 77ல இலங்கையில தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்துக்குப் பிறகு அப்பாவோட குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியா பக்கம் குடியேறி, அங்கயும் இருக்க முடியாம 90ல திரும்ப அதே மண்டபத்துல வந்து எறங்குச்சு. லயன் வீடுன்னு சொல்லுவாங்க தோட்டத்துல, வரிசையா ஒட்டி ஒட்டி கட்டின ஒத்தை ரூம். அப்பா எங்க முகாமை பாத்துட்டு சொன்னது, "லயத்துலதான் பொறந்தேன், லயத்துக்குத்தான் வந்திருக்கேன்". மூணு தலைமுறை, ஒரே அளவு ரூம். இதை நான் யாரையும் குறை சொல்ல எழுதல, ஆனா புது வீட்டுக்கு அளவு போடுறவங்க இதை தெரிஞ்சு வச்சுக்கணும்.

நெருக்கடின்னா கசகசன்னு இருக்கும், வேர்க்கும், அவ்வளவுதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதோட நிக்காதுங்க. எனக்கு கல்யாணம் ஆனப்ப என் வீட்டுக்காரரும் இதே முகாம்தான், அவங்க வீட்ல ஏழு பேர், எங்க வீட்ல அஞ்சு பேர், அதனால இங்கயே இருக்கலாம்னு முடிவாச்சு. ஆறு மாசம் எங்க அப்பாவும் தம்பியும் பாயை சுருட்டிக்கிட்டு மாரியம்மன் கோயில் திண்ணையில போய் படுத்தாங்க, அம்மா வாசப்படியில படுத்தாங்க, மழை வந்த அன்னைக்கு மட்டும் எல்லாரும் உள்ள வருவோம். அதைப் பத்தி யாரும் வாயைத் திறந்து பேசுனது கிடையாது. புதுசா கல்யாணம் ஆன ஒவ்வொரு வீட்லயும் யாரோ ஒரு அப்பா திண்ணையில படுத்திருப்பாரு, அங்க போயி பாத்தா இந்த வருஷம் எத்தனை கல்யாணம்னு தெரிஞ்சிடும்.

கொரோனா ரெண்டாவது அலையில, 2021 மே மாசம், அப்பாவுக்கு பாசிட்டிவ். ஃபோன்ல விசாரிச்ச அதிகாரி மேடம் நல்லாதான் பேசினாங்க, "தனி ரூம்ல வச்சுக்கோங்க, தனி பாத்ரூம் குடுங்க, ஜன்னலை திறந்து வைங்க"ன்னு. ரூமே ஒண்ணுதான் மேடம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் வீட்டுக்குப் பின்னாடி சாக்கடை ஓரமா நாலு சவுக்குக் கம்பு நட்டு, அப்பா பெயிண்ட் அடிக்கும்போது தரையில விரிக்கிற தார்ப்பாய் இருக்கே, அதை மேல கட்டி, அதுக்குக் கீழ பதினாலு நாள் படுத்திருந்தாரு. பல ஊரு சுவத்தோட பெயிண்ட் சொட்டு அந்த தார்ப்பாய்ல இருக்கும், ரோஸ், பச்சை, சந்தனக் கலர். நான் சோத்தை வச்சுட்டு தள்ளி நின்னு பாப்பேன். பொழைச்சு வந்தாரு. எங்க வரிசையில ரெண்டு பேர் வரல.

உலகம் பூரா முகாம் வேலை பாக்குற நிறுவனங்க ஸ்பியர்னு ஒரு கையேடு வச்சிருக்காங்க, வெள்ளம், பூகம்பம், போர்னு ஜனங்க ஓடி வந்தா குறைஞ்சபட்சம் இவ்வளவாவது குடுங்கன்னு சொல்றது. அதுல கூரைக்குக் கீழ ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர், அதுவும் சமையல் இடம், குளிக்குற இடம், கக்கூஸ் எல்லாம் சேக்காம. நம்ம கணக்குல கிட்டத்தட்ட முப்பத்தி ஏழே முக்கால் சதுரடி வரும். எங்க புது வீட்டு 300 சதுரடியை எட்டால வகுத்தா முப்பத்தி ஏழரை, அதுவும் அடுப்பு, கக்கூஸ் எல்லாம் சேத்து. அதாவது நேத்து ராத்திரி குண்டுக்கு பயந்து ஓடி வந்தவங்களுக்கு, அவசரத்துக்கு, இதுக்கு கீழ குறைக்காதீங்கன்னு சொன்ன அளவைக் கூட, 35 வருஷம் கழிச்சு கட்டுற காங்கிரீட் வீட்ல எங்க குடும்பம் தொடாது. இதை எழுதும்போது எனக்கு கை நடுங்குது, ஏன்னா அந்த வீட்டுக்காக நாங்க அவ்வளவு ஆசையா காத்துட்டு இருக்கோம், அதைப் போய் குறை சொல்றேனேன்னு இருக்கு. ஆனா காங்கிரீட்ல ஒரு தடவை கட்டிட்டா அது அடுத்த நாப்பது வருஷத்துக்கு, அதனால இப்பவே சொல்லிடணும்.

2009ல எங்க மாமா, அம்மாவோட தம்பி, வவுனியா செட்டிகுளம் மெனிக் ஃபார்ம்ல இருந்தாரு, முள்ளுக்கம்பிக்குள்ள ரெண்டு லட்சத்துக்கும் மேல ஆளுங்களை அடைச்சு வச்ச முகாம் அது. ஒரு டெண்ட்டுக்குள்ள முன்பின் தெரியாத ரெண்டு குடும்பம், தண்ணிக்கு வரிசை, கக்கூஸுக்கு வரிசை. மாமா ஃபோன்ல பேசும்போது "அக்கா, நீங்கள் குடோனுக்குள்ள இருந்ததை இப்பதான் விளங்கிக்கொண்டன்"னு சொன்னாராம். அந்த முகாமை 2012 செப்டம்பர்ல மூடிட்டாங்க. அவங்க பட்டது எங்களை விட ஆயிரம் மடங்கு, ஒப்பிடவே கூடாது. ஆனா அவசர முகாம்னா அதுக்கு ஒரு முடிவு இருக்கணும்னு மட்டும் சொல்றேன்.

வீடுகளுக்கு நடுவுல விடுற இடைவெளி பத்தியும் ஒரு வார்த்தை. வங்கதேசத்துல காக்ஸ் பஜார் பக்கம் குட்டுப்பாலாங்னு, மியான்மர்ல இருந்து ஓடி வந்த ரோஹிங்யா மக்கள் இருக்குற முகாம், உலகத்துலயே பெரிய முகாம், மூங்கிலும் தார்ப்பாயும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒட்டி. 2021 மார்ச் 22 அன்னைக்கு அங்க தீ புடிச்சு சுமார் 45 ஆயிரம் பேர் ஒரே நாள்ல இடம் இல்லாம போனாங்க, சுத்தி போட்டிருந்த முள்வேலியால ஓட முடியாம தவிச்சோம்னு தப்பிச்சவங்க சொன்னாங்க. எங்க முகாம் அந்த அளவு இல்லதான். ஆனா எங்க ரெண்டு வரிசைக்கு நடுவுல இருக்குற சந்து மூணு அடி, ரெண்டு பக்கமும் ஆளாளுக்கு தகரம் இழுத்து இழுத்து இப்ப சில இடத்துல ரெண்டு அடி, ஒவ்வொரு வீட்டு பின்னாடியும் கேஸ் சிலிண்டர். ஃபயர் வண்டி மெயின் ரோட்டோட சரி. போன வருஷம் ஒரு அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஸ்ட்ரெச்சர் சந்துக்குள்ள திரும்பல, நாற்காலியில உக்கார வச்சு தூக்கிட்டு போனாங்க. ஒட்டு வீடு போட்டதுக்கு எங்களை திட்டாதீங்க, பிள்ளைங்களுக்கு படுக்க எடம் இல்லாமதான் போட்டோம். புது வரிசை போடும்போது நடுவுல இருக்குற சந்துகளை அகலமா விடுங்க, ஆம்புலன்ஸ் உள்ள வந்து திரும்பிப் போகணும், அவ்வளவு அகலம்.

இன்னொண்ணு, இதை யாரும் யோசிக்கவே இல்ல. பழைய வீட்டை இடிச்சாதான் புதுசு கட்ட முடியும், சரி. இடிச்ச அன்னைக்கு அந்த ஜனங்க எங்க போறது? எங்க முகாம்ல முதல் வரிசையை இடிச்சப்ப "ஆறு மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னாங்க, எல்லாரும் பின் வரிசை சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள போனாங்க. எட்டு பேர் இருந்த ரூம்ல பதிமூணு பேர். ஆறு மாசம் ஒண்ணரை வருஷம் ஆச்சு, காண்ட்ராக்டர் வேலையை பாதியில விட்டுட்டு போனாரு, பில்லர் கம்பி துருப்பிடிச்சு நின்னுச்சு. அந்த ஒண்ணரை வருஷத்துல ஒரு பையன் பத்தாவது பரீட்சை எழுதினான், தெரு விளக்குல படிச்சான், ராத்திரி ஒரு மணிக்கு நான் தண்ணி குடிக்க எழுந்தா அவன் மேல ஈசல் பறந்துகிட்டு இருக்கும். இடிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து காலி இடத்துல தகர ஷெட்டாவது போட்டுட்டு இடிங்க, இல்லன்னா வாடகைக்கு ஒரு தொகை குடுங்க, அதுக்கும் பர்மிஷன் பேப்பரை நீங்களே போட்டுக் குடுங்க.

பொம்பளைங்க கிட்ட பிளானை காட்டுங்க. இதை கெஞ்சியே கேக்குறேன். எங்க பொது கக்கூஸ்ல ஆம்பளைங்களுக்கு ஆறு, பொம்பளைங்களுக்கு ஆறுன்னு சமமா கட்டினாங்க, ஆனா பொம்பளைங்களுக்கு கூடுதலா வேணும்னு அதே கையேடு சொல்லுது, ஒண்ணுக்கு மூணு. ஆறுல நாலு உடைஞ்சு போச்சு. நாங்க விடியறதுக்கு முன்னாடி மூணரைக்கு எழுந்து குளிச்சு வளந்த பிள்ளைங்க, அம்மா காதுகிட்ட வந்து "வெளிச்சம் வர முன்னம் எழும்பு"ன்னு சொல்லுறது எனக்கு இன்னும் கனவுல வரும். மாசத்துல அந்த நாலு நாள் துணியை அலசி எங்க காய வைக்கிறதுன்னு தெரியாம ஈரத்துணியையே கட்டிக்கிட்டு பள்ளிக்கூடம் போயிருக்கேன். புது வீட்ல உள்ள கக்கூஸ் வருது, அது எவ்வளவு பெரிய விஷயம்னு ஆம்பளைங்களுக்கு முழுசா புரியாது. அதோட துணி அலச ஒரு கல்லு, காயப்போட மறைவா நாலடி இடம், உள் ரூமுக்கு ஒரு கதவு, இதை சேத்துடுங்க. பிளான்ல ஒரு கோடுதான், எங்களுக்கு அது பெருசு.

இப்ப நான் என்ன கேக்குறேன்னு நேரா சொல்லிடுறேன். ரெஜிஸ்டரை வச்சு தலையை எண்ணுங்க. ஒரு கதவுக்குப் பின்னாடி கல்யாணம் ஆன ஜோடி ரெண்டு, மூணு இருந்தா அந்த எண்ணிக்கைக்கு வீடு போடுங்க, எடம் இல்லன்னா மாடி கட்டுங்க, மாடிக்கு இப்ப பணம் இல்லன்னா மாடி தாங்குற மாதிரி அஸ்திவாரமும் பில்லருமாவது போட்டு விடுங்க, கம்பியை மேல நீட்டி விடுங்க, நாங்க பெயிண்ட் அடிச்சு, கொத்தனார் வேலை பாத்து சேத்து வச்சு பின்னாடி ஏத்திக்கிறோம், அதுக்கு எழுத்துல ஒரு அனுமதி குடுத்தா போதும். எங்க ஆளுங்க ஊரு பூரா வீடு கட்டினவங்க, சொந்த மாடியை கட்ட மாட்டாங்களா. வெளிய வாடகைக்குப் போக வசதி இருக்குறவங்களை முகாம் பதிவு போகாம போக விடுங்க, அவங்க போனாலே உள்ள இருக்குறவங்களுக்கு கொஞ்சம் மூச்சு கிடைக்கும். குடியுரிமை, திரும்பிப் போறது, அதெல்லாம் டெல்லியும் கொழும்பும் சேந்து பேச வேண்டியது, அது எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது, அது முடியுற வரைக்கும் வீட்டைத் தள்ளிப் போடாதீங்க, பிள்ளைங்க அதுக்குள்ள வளந்துடுதுங்க. என் மகளுக்கு ஆறு வயசு. போன வாரம் ஸ்கூல்ல "என் வீடு" வரைஞ்சுட்டு வரச் சொன்னாங்க, அவ பெரிய கட்டம் ஒண்ணு போட்டு அதுக்குள்ள எட்டு தலையை வரிசையா வரைஞ்சிருந்தா, உடம்பு வரைய எடம் பத்தலம்மான்னு சொன்னா.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கணக்கெடுக்க வரும்போது தயவு செஞ்சு பகல்ல வராதீங்க. பகல் பதினோரு மணிக்கு ஆம்பளைங்க வேலைக்குப் போயிருப்பாங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம், பாயெல்லாம் சுருட்டி மூலையில நிக்கும், அப்ப பாத்தா எங்க வீடு காலியா, பெருசாத்தான் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு வாங்க. எல்லாரும் படுத்திருப்போம், கதவை முழுசா திறக்க முடியாது, யாராவது ஒருத்தர் காலை மடக்கினாதான் நீங்க உள்ள கால் வைக்க முடியும். அப்பாவோட டேப் வச்சிருக்கேன், ஒரு முனையை நான் புடிச்சுக்கிறேன், இன்னொரு முனையை நீங்க புடிங்க.

இப்படிக்கு,
ஒரு முகாம்ல இருந்து, பெயிண்டர் மகள்